படித்ததும் பார்த்ததும்: சைக்கிளில் குழந்தை

பி. சாய்நாத் எழுதி 1996-ல் வெளிவந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' என்ற ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஒரு கட்டுரையை என் மகள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த கதை. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஹாண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு போனார்களாம்! லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வரவே, ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை வைத்துக்கொள்ளலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. இதே மகளை மூணு வயசில் பின் கேரியரில் உட்கார வைத்து ஜேடர்பாளையம் அணைப் பக்கம் போனபோது, குதிகால் சக்கரக் கம்பிக்குள் மாட்டி நாலு தையல். அன்றோடு சைக்கிளை மூலையில் சாத்தினேன். தப்பு சைக்கிள் மேல் இல்லை சகோதரிகளே, நான் உட்கார வைத்த விதத்தில்தான்.

முதுகுச் சாய்மானம், பெல்ட், கால் வைக்கும் தட்டு மூன்றும் உள்ள குழந்தை சீட் வாங்குங்கள். பின் சக்கரத்தின் இரு பக்கமும் சேலை கார்டு மாட்டச் சொல்லுங்கள். முந்தானையும் சிக்காது, பிஞ்சுக் காலும் சிக்காது. தலைக்கு ஹெல்மெட் அவசியம். ஒரு வயசு நிரம்பாத குழந்தையை ஏற்றவே வேண்டாம். குழந்தை சீட்டில் இருக்கும்போது ஸ்டாண்டு போட்டுவிட்டு அந்தண்டை நகரக்கூடாது.

போன மாதம் என் பழைய சைக்கிளுக்கு டியூப் மாற்றினேன். "அம்மா, நான் ஓட்டறேன், நீ பின்னால உக்காரு" என்கிறாள் மகள். மாட்டேன், நானேதான் ஓட்டுவேன்!