மஞ்சள் அடிச்சா நிக்கணும் பாஸ்!

இந்த வாரம் கொஞ்சம் கோடிங் மேட்டர். பயப்படாதீங்க, ஃபார்முலா எதுவும் கிடையாது.

பிரவுசர்லயே கட்டுரை டைப் பண்ற 'எடிட்டர் ஜேஎஸ்' தெரியுமா? இலவசம், ஓப்பன் சோர்ஸ். போல்டு, இட்டாலிக், லிங்க் மூணும் ரெடிமேடா வரும். ஆனா நான் இன்டர்னா இருக்கிற இடத்துல, புரூஃப் பார்க்கிற அக்கா கேட்டது வேற. "சந்தேகமான வார்த்தைக்கு மஞ்சள் அடிக்கணும் தம்பி. நாளைக்குத் திறந்தாலும் அது அங்கேயே இருக்கணும்."

இதுக்கு நாமளே ஒரு கருவி எழுதிச் சேர்க்கலாம். பேசிக்கா ஒரு கிளாஸ்தான். 'ரெண்டர்' பட்டனைத் தரும். 'சரவுண்ட்'தான் ஹீரோ. செலக்ட் பண்ண வார்த்தையை எடுத்து, 'மார்க்'ங்கிற டேகுக்குள்ள வெச்சு, அதே இடத்துல திருப்பிப் போடும். அங்கே ஏற்கெனவே மஞ்சள் இருக்கான்னு பார்க்கிறது 'செக்ஸ்டேட்' வேலை. இருந்தா, பட்டனை மறுபடி தட்டினதும் கலரைக் கழட்டணும். இதை சாய்ஸ்ல விட்டுடாதீங்க!

இவ்வளவு எழுதினாலே ஸ்கிரீன்ல மஞ்சள் பளிச்சுன்னு வந்துடும். டெமோ காட்டி கைதட்டல்கூட வாங்கிடலாம். சேவ் பண்ணும்போதுதான் இருக்கு கச்சேரி. எடிட்டருக்குள்ள ஹாஸ்டல் வாட்ச்மேன் மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். பேரு 'சானிடைசர்' (கொரோனா கால பாட்டில் இல்லீங்க). லிஸ்ட்ல இல்லாத டேகை வெளியே தள்ளிடுவார். எழுத்து தப்பிச்சிடும், மஞ்சள் காலி. அரை நாள் கண்ணு வலிக்க உட்கார்ந்து அடிச்ச குறியெல்லாம் போச்! ஆனா அவரைத் திட்டவும் முடியாது. வேர்டுலேர்ந்து ஒட்டும்போது கூடவே வர்ற குப்பையையும், எவனோ சொருகிவிடுற ஸ்கிரிப்டையும் தடுக்கிறது அவர்தான். அதனால நம்ம கிளாஸ்லயே 'சானிடைஸ்'னு விதி எழுதி, மார்க் டேகுக்கு கேட் பாஸ் வாங்கிடணும். சில வரிதான். டேகுக்கு ஸ்டைல் கிளாஸ் கொடுத்திருந்தா அதையும் விதியில சொல்லணும். இல்லேன்னா ஆளை உள்ளே விட்டுட்டு சட்டையைக் கழட்டி வாங்கிக்குவார்.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு இன்னொண்ணு. 'தெரு' நம்ம கண்ணுக்கு ரெண்டு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினா நாலு! 'த' தனி, கொம்பு தனி. செலக்‌ஷனை நம்பாம எண்ணிக்கையை வெச்சு நடுவுல வெட்டினா, கொம்பு அநாதையா நிக்கும்.

முடிச்சதும் சேவ் பண்ணுங்க, பக்கத்தை மூடுங்க, திறங்க. அப்புறம் மஞ்சள் அடிச்ச வரியை காப்பி பண்ணி வேற பத்தியில ஒட்டிப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் கலர் நின்னா மட்டும் டெமோவுக்கு ஆள் கூப்பிடுங்க.