யானை ஏன் பி1-க்குப் போகிறது?

குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்ச் வகையை மடமடவென்று ஒப்பிக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். டி4, சி4 என்று தொடங்கி, டி5-இல் வெட்டி, மந்திரியை ஜி5-க்குக் கொண்டுவந்து, காஸ்லிங் முடித்து, பதினோராவது நகர்த்தலில் ஏ1 யானையை பி1-இல் வைப்பார்கள். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: பாதி திறந்த சி வரிசை காத்திருக்க, தன் சிப்பாயே மறிக்கும் வரிசைக்கு யானை ஏன் போகிறது? பெரும்பாலும் மௌனம்தான் வரும். அந்த மௌனத்துக்குப் பயிற்சியாளர்களான நாம்தான் பொறுப்பு.

பதில் சிப்பாய்களிடம் இருக்கிறது. நான்காம் நகர்த்தலில் வெட்டிக்கொண்டதுமே வெள்ளைக்கு சி வரிசையிலும் கறுப்புக்கு இ வரிசையிலும் சிப்பாய் இல்லாமல் போகிறது. இதைத்தான் கார்ல்ஸ்பாட் அமைப்பு என்கிறோம். ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு இரண்டு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. குறைவாக வைத்திருப்பவர் அங்கேயே தாக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். பி சிப்பாய் பி4, பி5 என்று ஏறி சி6-இல் வெட்டட்டும். கறுப்பு பி சிப்பாயால் திருப்பி வெட்டிய பின் சி6-இல் நிற்கும் சிப்பாயைக் காக்க இன்னொரு சிப்பாய் கிடையாது. சி வரிசையில் வெள்ளைக் காய்களுக்கு அது நிலையான இலக்கு. அந்த ஏற்றத்துக்குத் துணையாகத்தான் யானை பி1-க்குப் போனது. இது புரிந்த பிள்ளை, கறுப்பு ஏ5 என்று மறித்தால் பதறாது. ஏ3 வைத்துவிட்டு பி4-க்குத் தயாராகும்.

கறுப்பின் திட்டமும் அதே சிப்பாய்களிலிருந்துதான் பிறக்கிறது. பி4 வந்துவிட்டால் சி4-இல் அமரும் குதிரையை விரட்ட பி3 சிப்பாய் இல்லை. இ வரிசை வழியே இ4 கட்டமும் ராஜா பக்கத் தாக்குதலும் கிடைக்கின்றன. வெள்ளைக்கு வேறு வழியும் உண்டு. 1952 சோவியத் சாம்பியன்ஷிப்பில் கெரெஸுக்கு எதிராக போட்வின்னிக், குதிரையை இ2-இல் வைத்து, எஃப்3 தள்ளி, மையத்தில் இ4-க்கு வழி செய்து வென்றார்.

இந்த அமைப்பைப் புரிந்துகொள்வதால் இதைவிட முக்கியமான பலன் ஒன்று உண்டு. காரோ-கான் எக்ஸ்சேஞ்சில் இதே அமைப்பு நிறம் மாறி வருகிறது. இப்போது ராணிப் பக்கம் ஏற வேண்டியது கறுப்பு. 1970-இல் பெல்கிரேடில் பெட்ரோசியனுக்கு எதிராக ஃபிஷர் செய்ததைப் பாருங்கள்: குதிரையை இ5-இல் நிறுத்தி, எஃப் சிப்பாயை எஃப்5 வரை தள்ளி, ராஜாவை நெருக்கினார். குயின்ஸ் கேம்பிட்டில் கறுப்பு தேடும் ஆட்டம் இதுதான். ஒன்றைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மற்றது பாதி தெரிந்துவிடுகிறது. மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இவை தொடர்பே இல்லாத இரண்டு பாடங்கள்.

நைடோர்ஃபில் நஞ்சுச் சிப்பாய் வகை போன்ற இடங்களில் துல்லியமான நினைவு இல்லாமல் முடியாது; அதை மறுக்கவில்லை. ஆனால் ஆரம்ப நிலைப் பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுக்கும் அவசரம் எனக்குப் புரியவில்லை. பெற்றோரின் நெருக்கடியும் எஞ்சின் திரையும் அந்த அவசரத்தை வளர்க்கின்றன. எஞ்சின் சிறந்த நகர்த்தலைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை எஞ்சின் இல்லாமலேயே பழக்கினார். 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகாவது இதை நாம் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டாமா?

அடுத்த ஓப்பனிங் வகுப்பில் ராஜாக்களையும் சிப்பாய்களையும் மட்டும் பலகையில் வையுங்கள். மற்ற காய்களைப் பிள்ளைகளே வைக்கட்டும். குதிரைக்கு எந்தக் கட்டம், எந்த மந்திரியை மாற்றிக்கொள்ளலாம், எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். நகர்த்தல் வரிசையை அதற்குப் பிறகு கொடுங்கள்.