தலைக்கவச விழிப்புணர்வுப் பிரசாரத்தின் பயனை அளந்திடக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தலைவர், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு.

மதிப்பிற்குரிய ஐயா,

ஜனவரி தோறும் நம் மாவட்டத்தில் சாலைப் பாதுகாப்பு மாதம் நடைபெறுகிறது. பேரணி கிளம்புகிறது, சிக்னலில் எமன் வேடமிட்டவர் பாசக்கயிறு வீசுகிறார், மறுநாள் நாளிதழில் படம் வருகிறது. அந்த உழைப்பை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் அதன்பின் தலைக்கவசம் அணிவோர் கூடினார்களா என்று கேட்டால், எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்ற கணக்கே பதிலாகக் கிடைக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் தலைக்கவசம் அணியாமல் நாடு முழுவதும் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அவர்களுக்கும் பொருந்தும். நம் பதாகைகளோ ஓட்டுபவரிடம் மட்டுமே பேசுகின்றன. ஆகவே வரும் ஆண்டுப் பிரசாரத்தைப் பின்னால் அமர்பவரின் தலைக்கவசம் என்ற ஒன்றுக்கே ஒதுக்கிட வேண்டுகிறோம். பதாகை அச்சாகும் முன், அணியாதவர்களிடமே காரணம் கேட்கப்பட வேண்டும். வெயிலா, பக்கத்துத் தெருதானே என்ற எண்ணமா, இரண்டாவது தலைக்கவசம் வாங்கப் பணமில்லையா? கடைசிக் காரணத்துக்கு வாசகம் எழுதிப் பயனில்லை.

எங்கள் முதன்மைக் கோரிக்கை எண்ணிக்கை பற்றியது. பிரசாரத்துக்கு முன்பும், முடிந்தவுடனும், மூன்று மாதம் கழித்தும், அதே சந்திப்புகளில், அதே கிழமையில், அதே நேரத்தில் தலைக்கவசம் அணிந்தோரையும் அணியாதோரையும் எண்ண வேண்டும். ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், குழந்தை எனத் தனித்தனியாகவும், தாடைப்பட்டை மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் குறிக்க வேண்டும். பிரசாரம் நடக்காத, நம் ஊரைப் போன்ற வேறோர் ஊரிலும் எண்ண வேண்டும். அங்கும் அதே அளவு கூடியிருந்தால் பெருமை பிரசாரத்துக்கு உரியதல்ல. எண்ணுபவர் சீருடையில் இருக்கக் கூடாது. காக்கியைக் கண்டதும் பெட்ரோல் டேங்க் மேலிருக்கும் தலைக்கவசம் தலைக்கு ஏறுவதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். ஒரு வட்டத்தின் உயிரிழப்பு ஆண்டுக்கு ஆண்டு இயல்பாகவே ஏறி இறங்கும் என்பதால், அதை மட்டும் வைத்து வெற்றி தோல்வி சொல்ல வேண்டாம்.

2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் தலைக்கவசம் அணியாததற்கான அபராதம் 1,000 ரூபாய். அதை விதிக்கும் வாகனச் சோதனையும் பிரசாரமும் ஒரே வாரங்களில் நடக்கட்டும். மத்திய மோட்டார் வாகன விதி 138-ன்படி புதிய வண்டியுடன் தலைக்கவசம் தரப்படுகிறதா என்றும் சோதித்திட வேண்டுகிறோம்.

முதல் எண்ணிக்கையை டிசம்பருக்குள் முடிக்க ஆணையிட வேண்டும். எந்த மாற்றமும் இல்லை என்றே முடிவு வந்தாலும் அதைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். எண்ணும் பணிக்கு எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி வரத் தயாராக உள்ளனர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில்,
தலைவர், செயலாளர்