கேட்கிற காது வேண்டும்

பாயல் தட்வியை மறந்துட்டோமா தோழர்களே? தட்வி பில் பழங்குடிப் பெண். வயது 26. மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு. 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். சாதி சொல்லி இழிவுபடுத்தினார்கள், பிரசவம் பார்க்க விடாமல் ஒதுக்கினார்கள் என்று மூன்று சீனியர் டாக்டர்கள்மீது வழக்கு. அவர்கள் மறுக்கிறார்கள். முன்னாடியே முறையிட்டோம், யாரும் காதுல போட்டுக்கல என்கிறது குடும்பம்.

இப்படி ஒரு சாவு விழுந்ததும் ஒரு பேச்சு கிளம்பும்: 'பிள்ளைகளுக்கு மனத்திடம் இல்ல, கவுன்சலிங் குடுங்க, யோகா சொல்லித்தாங்க.' குடுங்க, வேண்டாங்கல. ஆனா புண் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கமா?

மேற்படிப்பு மாணவர் பாதி மாணவர், பாதி ஊழியர். பொதுவாக ஒரே மூச்சில் 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்குமேல் வேலை வாங்காதே என்று மத்திய அரசு 1992லேயே சொன்னது. 2024ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74 மணி நேரத்தைத் தாண்டாதே என்றது. 32 வருஷத்தில் 48 என்பது 74 ஆனதுதான் நாம் கண்ட முன்னேற்றம்!

நான் வங்கிக் குமாஸ்தா. கண் சொக்கி ஒரு சைபர் தப்பினால் மறுபடி கூட்டிச் சரிபண்ணலாம். தூங்காத டாக்டர் மருந்தளவில் ஒரு புள்ளி தப்பினால்? அந்தக் கட்டிலில் கிடப்பது, அரசாங்க ஆஸ்பத்திரியை விட்டால் போக்கிடமில்லாத நம்ம சனம்தான்.

டியூட்டி பட்டியல், லீவு, கத்தி பிடிக்கும் வாய்ப்பு எல்லாம் மேலே இருப்பவர் கையில். அங்கே சாதி கம்பெடுத்து வரவேண்டியதில்லை; பட்டியலே போதும். இந்தப் பளு எல்லோரையும் நசுக்கும். ஆனால் 'கோட்டா' என்று முத்திரை குத்தப்பட்டவர் சோர்ந்தால் தகுதியில்லை என்பார்கள். புகார் சொன்னால் சாதியைக் காட்டி மிரட்டுகிறார் என்பார்கள்.

பட்டியலை மணிக்கணக்கோடு சுவரில் ஒட்டு. புகாரைத் துறைத்தலைவரே விசாரிக்காதே. தலித்துகளும் பழங்குடியினரும் வெளியாரும் உள்ள குழு விசாரிக்கட்டும். புகார் கொடுத்தவரின் தேர்வில் பழிதீர்க்க முடியாதபடி காப்பு கொடு. இதுதான் நம் கோரிக்கை.

பாயலின் தாய் அபேதாவும் ரோகித் வெமுலாவின் தாய் ராதிகாவும் 2019ல் உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். நாம இரங்கல் கவிதை எழுதிக்கிட்டிருந்தோம், நானும் எழுதினவன்தான். அது போதாது. உங்க ஊர் மருத்துவக் கல்லூரி விடுதிக்கு ஒரு நடை போங்க. 'சாப்பிட்டியா, தூங்குனியா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?' என்று கேளுங்க. பதில் வரும்வரை உட்கார்ந்திருங்க.