வேனுக்கு ஏற்ற ரேக்

காலை எட்டு மணிக்கு எங்கள் எடமலைப்பட்டி புதூரில் வேலைக்குக் கிளம்பும் வண்டிகளைப் பார்க்கலாம். எலக்ட்ரீசியனின் பழைய ஆம்னி, ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் செய்பவரின் ஈகோ, பிளம்பரின் குட்டி யானை. உள்ளே எட்டிப் பார்த்தால், சிலவற்றில் மளிகைக் கடையில் நிற்க வேண்டிய இரும்பு ரேக் நிற்கும். இது கூடாது என்பது என் கருத்து.

கடை ரேக் வைத்த இடத்தில் நிற்கும். வண்டி ரேக் ஓடும், திரும்பும், பிரேக் போட்டால் குலுங்கும். ஆகவே முதலில் வண்டியை அளக்க வேண்டும், பிறகுதான் ரேக்.

ஆம்னி, ஈகோவில் கூரை தாழ்வு. இடுப்பளவு ரேக், அதுவும் டிரைவர் பக்கம் மட்டும் போதும். இடப்பக்கத் தள்ளுகதவு தடையின்றித் திறந்தால், போக்குவரத்தில் நிற்காமல் ரோட்டோரமாக நின்று சாமான் எடுக்கலாம்.

2005இல் வந்த டாடா ஏஸ்தான் நம் குட்டி யானை. முக்கால் டன் சுமக்கும். ஆனால் திறந்த வண்டி. மழைக்கும் திருட்டுக்கும் ரேக் ஆகாது. கேபினுக்குப் பின்னால் போல்ட் போட்ட, பூட்டுள்ள தகரப் பெட்டியே மேல்.

டிராவலர் போன்ற உயரமான வேனில் இரண்டு பக்கமும் ரேக் வைத்து, நடுவே நடக்க வழி விடலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1947 முதல் 1981 வரை செய்த சித்ரோயன் 'ஆஷ்' வேனில் தரை தாழ்வு, கூரை உயரம். உள்ளே ஆள் நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம். "ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில்" என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு.

எந்த வண்டியானாலும் கனமானது கீழே, லேசானது மேலே. தட்டுக்குத் தட்டு விளிம்பு வேண்டும். ரேக்கைத் தரையோடும் பாடியோடும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ரேக்கின் எடையும் பாரம்தான், ஆர்.சி.யில் உள்ள எடையில் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். பின் சீட்டைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்பது நல்லது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியை இஷ்டப்படி மாற்ற விடாது.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பார்கள். பல வண்டிகளில் பின்னால், சாமான்களுக்கு நடுவே, உதவிக்கு வரும் பையன் உட்கார்ந்திருக்கிறான். மேல் தட்டில் இருக்கும் டிரில்லிங் மெஷின் பிரேக் போட்டதும் விழுவது அவன் தலையில்தான். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் தம்பியிடம் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்பார்கள்.