ஈவோ 4, 5, 6, மாக்கினன் பதிப்பு: எது முதலாவது? என்ட வரிசை



கொஞ்சம் நீளமான பதிவு. காரில் ஆசை இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசிச்சிட்டுப் போங்க. அது பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் உரியது.

உயர்தர வகுப்புப் பொடியன்மாருக்குள் இப்போது இடைவேளையில் ஒரே வாக்குவாதம். மிட்சுபிஷி லான்சர் எவொலூஷனில் எது சிறந்தது? ஒருவன் மாக்கினன் பதிப்பு என்கிறான், மற்றவன் ஈவோ 6 என்கிறான். ஈவோ 4ஐ விட்டுக்கொடுக்காத ஒருவனும் இருக்கிறான். "சேர், நீங்க தீர்ப்புச் சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். பாடவேளையில் சொல்ல நேரம் காணாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் எடுப்பது எல்லா ஈவோவையும் அல்ல. 1996 முதல் 2001 வரை ஒரே உடம்பில் வந்த பரம்பரையை மட்டும்தான். 1996இல் ஈவோ 4, 1998இல் ஈவோ 5, 1999இல் ஈவோ 6, 2000இல் டொமி மாக்கினன் பதிப்பு. எங்கட வீதிகளில் இன்றும் ஓடுகிற சீ.கே.2 லான்சரின் சொந்தக்காரர்கள் கவனியுங்க: உங்கட காரும் இந்தப் பரம்பரைதான். அந்தச் சாதாரண லான்சரின் உடம்பை அடிப்படையாக வைத்துத்தான் மிட்சுபிஷி இந்த நாலையும் செய்தது.

வரிசைக்கு முன் இரண்டு விஷயம் விளங்க வேண்டும்.

முதலாவது, குதிரைவலு. அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பனிகள் தங்கட நாட்டில் விற்கிற கார்களுக்கு 280 குதிரைவலுவுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தார்கள். 1992இல் வந்த முதல் ஈவோ 250. பிறகு 260, 270 என்று ஏறி, ஈவோ 4இல் 280ஐத் தொட்டது. அதற்குப் பிறகு 5, 6, மாக்கினன் எல்லாமே கடதாசியில் அதே 280தான். ஆகவே "எது கூடப் பவர்?" என்று கேட்டு இந்த நாலையும் தரம் பிரிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கம்பனி எதை மாற்றியது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, ராலிச் சட்டம். 1997இலிருந்து சுபாரு, ஃபோர்ட், டொயோட்டா போன்றவர்கள் 'வேர்ல்ட் ராலி கார்' என்ற புதிய விதிக்கு மாறினார்கள். அதில் ராலிக் காருக்கும் கடையில் விற்கிற காருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கலாம். மிட்சுபிஷி மட்டும் பழைய 'குரூப் ஏ' விதியிலேயே நின்றது. அந்த விதிப்படி ராலிக்கு வேண்டிய அடிப்படை மாற்றங்கள், மக்களுக்கு விற்கிற 2,500 காரிலும் இருக்க வேண்டும். ஈவோ கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒருமுறை மாறியதன் காரணம் இதுதான். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஏதோ ஒரு ராலிப் பாதையில் கண்ட குறை இருந்தது.

இனி வரிசை. கீழிருந்து மேலே போவோம்.

5ஆம் இடம்: ஈவோ 4 ஜி.எஸ்.ஆர்

இந்தக் கார் செய்த வேலை சின்னதல்ல. எஞ்சினை 180 பாகை திருப்பி வைத்தார்கள். அதனால் வலுவைக் கடத்தும் பாதை சுருங்கியது, பாரமும் நன்றாகப் பங்கிடப்பட்டது. ஏ.வை.சி. என்ற பின் டிஃபரென்ஷியலும் முதலில் இதில்தான் வந்தது. வளைவில் போகும்போது இடது, வலது பின் சில்லுகளுக்குப் போகிற முறுக்கத்தைக் கூட்டிக் குறைத்துக் காரைத் திருப்புகிற ஏற்பாடு அது. 1997இல் மாக்கினன் இந்தக் காரில்தான் கொலின் மெக்ரேயை ஒரேயொரு புள்ளியால் முந்தி உலகச் சம்பியன் ஆனார்.

பிறகு ஏன் கடைசி? 280 குதிரைவலுவைக் கொடுத்துவிட்டு, அதைத் தாங்க 205 அகல டயரும் 16 அங்குலச் சில்லும்தான் கொடுத்தார்கள். உடம்பின் அகலம் 1,690 மில்லிமீற்றர். ஓடுகிற சக்தி வந்துவிட்டது, நிறுத்துகிற சக்தி அதற்குச் சமனாக வரவில்லை.

4ஆம் இடம்: ஆர்.எஸ். வகைகள்

ஒவ்வொரு ஈவோவிலும் ஜி.எஸ்.ஆருக்குப் பக்கத்தில் ஆர்.எஸ். என்று ஒரு மொட்டை வகை வந்தது. ஏ.சீ. இல்லை, பவர் ஷட்டர் இல்லை, ஏ.பீ.எஸ். இல்லை. சில்லும் இரும்புச் சில்லு. ஈவோ 5ஐ எடுத்தால் ஜி.எஸ்.ஆர் 1,360 கிலோ, ஆர்.எஸ். 1,260 கிலோ. நூறு கிலோ குறைவு.

"பாரம் குறைந்த காரை எப்படி நாலாவதாக வைப்பீங்க சேர்?" என்று ஒருவன் நிச்சயம் கேட்பான். தம்பி, ஆர்.எஸ். என்பது ராலிக் குழுக்கள் வாங்கி, பிரித்து, தங்கட சாமானைப் போட்டு ஓடுவதற்காகச் செய்தது. ஈவோ 5 ஆர்.எஸ்ஸில் பிரெம்போ பிரேக்கூட மேலதிகக் காசுக்குத்தான் கிடைத்தது. எப்படியும் கழற்றி மாற்றுவார்கள் என்பதால் கம்பனி அப்படி விட்டது. கராஜ் உள்ளவனுக்கு அது தங்கம். சாவியை வாங்கி வீட்டுக்கு ஓட்டிப் போகிறவனுக்கு அது பாதிக் கார்.

3ஆம் இடம்: டொமி மாக்கினன் பதிப்பு

இங்கேதான் சண்டை வரும் என்று தெரியும்.

மாக்கினன் 1996, 97, 98, 99 என்று தொடர்ந்து நாலு வருடம் உலகச் சம்பியன். அவருக்கு முன் யாரும் தொடர்ச்சியாக நாலு தடவை வென்றதில்லை. அந்த மரியாதைக்காக அவர் பெயரில் வந்த கார் இது. புதிய முன் பம்பர், வெள்ளை நிற என்கை சில்லு, சிவப்பும் கறுப்பும் கலந்த ரெகாரோ சீட், 10 மில்லிமீற்றர் தாழ்த்திய உடம்பு. டைட்டேனியம் கலப்பில் செய்த டர்பைன் இலகுவானது, அதனால் டர்போ சீக்கிரம் சுழலும். உச்ச முறுக்கம் 3,000 சுற்றில் வந்தது இதில் 2,750 சுற்றிலேயே வந்துவிடுகிறது. இது வெறும் ஸ்டிக்கர் வேலை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் முக்கியமானவை எல்லாம் ஏற்கெனவே இருந்தவை. பிரேக் முந்திய காரின் பிரேக். அகலம் முந்திய காரின் அகலம். தார்ப் பாதை ஓட்டத்தை நினைத்துத் தாழ்த்தினார்கள். எங்கட உள்ளூர் வீதிகளில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற பம்ப்புக்கு மேலால் அதை ஏற்றிப் பாருங்க, அந்த 10 மில்லிமீற்றரின் பெறுமதி விளங்கும். இன்று இந்தக் காருக்குக் கேட்கிற விலையில் பெரிய பங்கு பெயருக்கான விலை. பெயரைக் கழித்துவிட்டுக் காரைப் பார்த்தால் மூன்றாம் இடம் நியாயமான இடம்.

2ஆம் இடம்: ஈவோ 6 ஜி.எஸ்.ஆர்

ஈவோ 6இன் முன் பக்கத்தைப் பார்த்தால் நம்பர் தகடு நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். ஸ்டைலுக்குச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நடுவில் தகடு இருந்தால் காற்றை மறைக்கிறது, அதனால் தள்ளி வைத்தார்கள். ஃபொக் லைற்றையும் சின்னதாக்கினார்கள். ரேடியேற்றர், இன்டர்கூலர், ஒயில் கூலர் எல்லாவற்றுக்கும் காற்றுப் போகிற வழி பெருத்தது. எஞ்சினுக்குள் பிஸ்டன்களுக்கும் குளிர்ச்சிக்கென்று எண்ணெய் போகிற வழி வைத்தார்கள். பின்னால் இரண்டு தட்டு ஸ்பொயிலர் வந்தது. 1999இல் மாக்கினன் நாலாவது பட்டத்தை எடுத்தது இதில்தான்.

நீண்ட நேரம் அடித்து ஓட்டினாலும் சூடேறிக் களைக்காத கார். அரை மணித்தியாலம் ரேஸ் பாதையில் ஓடச் சொன்னால் நானும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இது ஒரு திருத்தம். திருத்தத்துக்கு மூலமாக இருந்த காருக்குத்தான் முதலிடம்.

1ஆம் இடம்: ஈவோ 5 ஜி.எஸ்.ஆர்

குதிரைவலு அதே 280. ஆனால் இந்தக் காரில் கம்பனி கைவைத்த இடங்களைப் பாருங்க.

உடம்பை 1,690இலிருந்து 1,770 மில்லிமீற்றராக அகலமாக்கினார்கள். ஜப்பானில் 1,700ஐத் தாண்டினால் கார் பெரிய வாகன வகுப்புக்குப் போய்விடும். அது தெரிந்தும் அகலமாக்கினார்கள். சில்லுகளுக்கு இடையிலான தூரம் கூடியது. டயர் 205இலிருந்து 225 ஆனது, சில்லு 17 அங்குலம் ஆனது. முன்னால் நாலு பிஸ்டன், பின்னால் இரண்டு பிஸ்டன் பிரெம்போ பிரேக் வந்தது. பின் ஸ்பொயிலரின் சாய்வைக் கூட்டிக் குறைக்க வழி வைத்தார்கள். முறுக்கமும் 36இலிருந்து 38 கிலோகிராம் மீற்றராக ஏறியது. ஆனால் அதைத் தாங்குகிற டயரும் பிரேக்கும் கூடவே வந்தன.

ஈவோ 6ஐயும் மாக்கினன் பதிப்பையும் நாங்கள் புகழ்கிற பாதிக் காரணம் இந்தக் காரில் தொடங்கியது. "6இல் 5இன் எல்லாம் இருக்கிறது, மேலதிகமாகவும் இருக்கிறது, பிறகு எப்படி இரண்டாவது?" என்று கேட்டால் என்ட பதில் இதுதான்: 6இன் மேலதிகம் ரேஸ் பாதைக்குத் தேவையானது. 5இன் மாற்றம் ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு பிரேக்குக்கும் தேவையானது. 4க்கும் 5க்கும் இடையில் உள்ள தூரம், 5க்கும் 6க்கும் இடையில் இல்லை.

வரலாறும் இந்தக் காரின் பக்கம்தான். 1998 பருவத்தைத் தொடங்கியது ஈவோ 4, இடையில் ஈவோ 5 வந்து சேர்ந்தது. கடைசிப் போட்டி பிரித்தானியாவில். முதல் நாளிலேயே, முன்னால் போன ஒரு பழைய கார் பாதையில் சிந்திவிட்டுப் போன எண்ணெயில் மாக்கினன் வழுக்கி, கொங்கிறீட்டில் மோதிச் சில்லை இழந்து வெளியேறினார். டொயோட்டா கொரொல்லாவில் ஓடிய கார்லோஸ் சைன்ஸுக்கு நாலாம் இடம் வந்தாலே பட்டம். அந்த இடத்தில்தான் அவர் ஓடிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தின் முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீற்றர் இருக்கும்போது அவருடைய எஞ்சின் நின்றுவிட்டது. பட்டம் மாக்கினனுக்கு, இரண்டு புள்ளி வித்தியாசத்தில். அந்தப் போட்டியை வென்றவர் மிட்சுபிஷியின் மற்ற ஓட்டுநர் ரிச்சர்ட் பேர்ன்ஸ். அந்த வெற்றியோடு உற்பத்தியாளர் பட்டமும் மிட்சுபிஷிக்குக் கிடைத்தது. உலக ராலியில் அந்தக் கம்பனி எடுத்த ஒரேயொரு உற்பத்தியாளர் பட்டம் அதுதான்.

இது எங்களுக்கு எதற்கு?

எங்கட ஊரில் இந்த நாலில் ஒன்றை வாங்கப் போகிறவர் யாரும் இருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு சீ.கே.2ஐ மாற்றுகிற பொடியன்மார் இருக்கிறார்கள். என்ன மாற்றுகிறார்கள்? ஈவோ 6 மாதிரி முன் பம்பர். இரண்டு தட்டு ஸ்பொயிலர். சத்தம் போடுகிற சைலன்சர். பிரேக் கலிப்பருக்கு மேலே 'பிரெம்போ' என்று எழுதின சிவப்பு பிளாஸ்டிக் மூடி.

அந்த மூடியைப் பார்த்தால்தான் எனக்கு மனம் பொறுக்காது. மிட்சுபிஷி முதலில் பிரேக்கையும் டயரையும் மாற்றிவிட்டு, அடுத்த வருடம்தான் இரண்டு தட்டு ஸ்பொயிலரைப் போட்டது. நாங்கள் ஸ்பொயிலரையும் மூடியையும் போட்டுவிட்டு, உள்ளே 1,500 சீ.சீ. காருக்கென்று கொடுத்த அதே பழைய பிரேக்கோடு ஓடுகிறோம். வேகத்தைக் கூட்டுகிற வேலை எல்லாம் நடக்கிறது, நிறுத்துகிற வேலை ஒன்றும் நடப்பதில்லை.

விஞ்ஞான பாடத்தில் படித்ததை ஒருக்கா நினைச்சுப் பாருங்க. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50இல் போகிற கார் 100இல் போனால் பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. 80இலிருந்து 100க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கு மேல். பிளாஸ்டிக் மூடிக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து 7 பேர் இறந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். அதில் 8 வயதுப் பிள்ளை ஒன்றும் இருந்தது. ஓட்டத்துக்கென்றே ஒதுக்கின இடத்தில் அப்படி என்றால், மதரஸா விட்டுப் பிள்ளைகள் வருகிற வீதியில் என்ன ஆகும்?

ஆகவே காரில் ஆசை உள்ள தம்பிமாருக்கு நான் சொல்வது ஆசையை விடச் சொல்லி அல்ல. ஈவோ 5இன் ஒழுங்கில் ஆசைப்படுங்க. காசு சேர்ந்தால் முதலில் டயர். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த டயர். பூ தேயாமல் இருந்தாலும் றப்பர் முதிர்ந்துவிடும். அடுத்தது பிரேக் பேட், பிரேக் ஒயில். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஷொக் அப்சோபர். இவ்வளவும் முடிந்து காசு மிஞ்சினால் ஸ்பொயிலர் போடுங்க, நானும் வந்து பார்த்து நல்லா இருக்கு என்று சொல்வேன்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. மகன் பம்பருக்குக் காசு கேட்டால் ஏசி அனுப்ப வேண்டாம். "பிரேக் எப்படி இருக்கு?" என்று கேளுங்க. பதில் தெரியாவிட்டால், அந்தக் காசை முதலில் அங்கே போடச் சொல்லுங்க.

என்ட வரிசை இதுதான்: 5, 6, மாக்கினன், ஆர்.எஸ்., 4. ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கட வரிசையைக் காரணத்தோடு கீழே எழுதுங்க, வாசிக்கிறேன். ஒரேயொரு நிபந்தனை. எழுத முன் வெளியே போய் உங்கட வண்டி டயரில் இருக்கிற அந்த நாலு இலக்கத்தைப் பார்த்து, அதையும் சேர்த்து எழுதுங்க.