கைபேசியும் காரியாலய இரகசியமும்

காரியாலய வேலையைத் தம் சொந்தக் கைபேசியிலேயே செய்து முடிப்பது நம் தேசத்தில் இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. வருவாய் இலாகா உத்தியோகஸ்தர் மேலதிகாரிக்கு வாட்ஸப் மூலம் அறிக்கை அனுப்புகிறார். பாங்க் குமாஸ்தா கடன் கேட்டு வந்தவரின் ஆதார் அட்டையைப் படம் பிடித்துத் தலைமை ஆபீஸுக்குச் சேர்க்கிறார். உபாத்தியாயர் பிள்ளைகளின் வருகையைப் பதிவு செய்கிறார். இவற்றுள் பெரும்பாலானவை அவரவர் கைப்பணத்தில் வாங்கிய கருவியில், அவரவர் கட்டணத்தில் நடைபெறுகின்றன. இதனால் காரியங்கள் விரைவாக முடிகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரகசியங்களுக்கு யார் காவல், அந்தக் காவலுக்கு யார் செலவு என்ற கேள்விகளை எஜமானர்களும் சர்க்காரும் இதுவரை தக்கபடி கவனித்ததாகத் தெரியவில்லை.

அபாயம் கற்பனையன்று. 2025-ம் வருஷம் மார்ச் மாதத்தில், ஏமன் தேசத்து ஹவுதிகளின் மீது நடத்தவிருந்த தாக்குதலைப் பற்றி அமெரிக்க மந்திரிகள் ‘ஸிக்னல்’ என்னும் செயலியில் கலந்து பேசினார்கள். அந்தக் குழுவில் ‘அட்லாண்டிக்’ பத்திரிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார்! விமானங்கள் புறப்படும் நேரம்கூட ஒரு பத்திரிகாசிரியரின் கையில் போய்ச் சேர்ந்தது. யுத்த மந்திரி ஹெக்ஸெத் இராஜாங்க காரியத்துக்குச் சொந்தக் கைபேசியை உபயோகித்தது ஆபத்துக்கு இடமளித்தது என்று அந்த இலாகாவின் பரிசோதனை அதிகாரியே அவ்வருஷம் டிஸம்பரில் அறிக்கை கொடுத்தார். செயலியின் பூட்டை எவரும் உடைக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஸிக்னலின் சங்கேதமுறை மிக உறுதியானது. ஆயினும் அழைக்கப்படாதவரை உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டால் அது என்ன செய்யும்?

மற்றோர் உதாரணம். ஜனங்களின் கடவுச்சொற்களைக் காத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ‘லாஸ்ட்பாஸ்’ கம்பெனியின் இஞ்சினீயர் ஒருவரது வீட்டுக் கணினியில் 2022-ல் திருடர்கள் புகுந்தார்கள். அவர் விசைப்பலகையில் தட்டிய எழுத்துக்களை ஒற்றறிந்தே கம்பெனியின் பெட்டகங்களின் நகல்களை அவர்கள் கொண்டுபோனார்கள். வீட்டுக் கணினிக்கு நேர்ந்தது சட்டைப்பையிலுள்ள கைபேசிக்கு நேராதென்று எவர் சொல்ல முடியும்?

மத்திய சர்க்கார் 2022-ல் தம் சிப்பந்திகளுக்குச் சில விதிகளை வகுத்தது. சர்க்கார் தஸ்தாவேஜுகளை வெளியார் செயலிகளால் படம் பிடிக்கலாகாது, சர்க்காருடையதல்லாத சேமிப்பிடங்களில் வைக்கலாகாது என்பவை அவற்றுட் சில. விதிகள் நல்லவையே. ஆனால் மாவட்ட ஆபீஸுகளில் எத்தனை பேருக்கு அவை தெரியும்? தெரிந்தாலும், அவற்றின்படி நடக்க வேறு கருவியை யார் கொடுத்தார்கள்? சாமான்கள் கொடாமல் சமையலில் குற்றங் கூறும் மாமியாரின் நியாயம் இது.

சொற்பச் சம்பளக்காரர் வாங்கும் மலிவான கைபேசிக்கு இரண்டு மூன்று வருஷங்களில் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடுவது சகஜம். அவர் புதிதாக வாங்குவதில்லை, வாங்கச் சக்தியுமில்லை. அதே கைபேசியில் பிள்ளை விளையாடுகிறான். எங்கிருந்தோ வந்த செயலியையும் இறக்கிக் கொள்கிறான். அந்த ஓட்டையின் வழியே நூறு குடும்பங்களின் கணக்கு வெளியேறினால், குற்றப் பத்திரிகை ஊழியரின் பேருக்கே எழுதப்படுகிறது.

சில பெரிய கம்பெனிகள் இதற்கு நேர்மாறான முறையைக் கைக்கொள்கின்றன. ஊழியரின் கைபேசியில் நிர்வாகச் செயலி ஒன்றை ஏற்றுகின்றன. அது ஏற்றப்படும் விதத்தைப் பொறுத்து, அவர் எங்கிருக்கிறார், என்னென்ன செயலிகள் வைத்திருக்கிறார் என்பதை அறியலாம். தூரத்திலிருந்தே கைபேசி முழுவதையும் அழித்துவிடவும் கூடும். வேலையை விட்டு நீங்குகிறவரின் குழந்தைப் படங்களும், காலஞ்சென்ற தாயாரின் குரலும் அத்துடன் அழியலாம். தேச ஊழியர்களின் கடிதங்களை அந்நிய ஆட்சியார் பிரித்துப் படித்த காலத்தை மறவாத நாம், ஒருவரது அந்தரங்கத்தைச் சம்பளத்தோடு சேர்த்து விலைபேசுவதை ஒப்ப முடியாது. அந்தரங்கம் ஜீவாதார உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்திருக்கின்றனர். அத்தீர்ப்பின் நியாயம் ஆபீஸ் வாசற்படியோடு நின்றுவிடலாமா?

இரண்டுக்கும் நடுவே வழி இல்லாமலில்லை. ஆண்ட்ராய்ட் கைபேசிகளில் 2014 முதலே வேலைக்கென்று தனி அறை போன்றதொரு பகுதியைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு உண்டு. எஜமானரின் அதிகாரம் பெரும்பாலும் அந்த அறைக்குள் அடங்கும்; அழிக்க நேர்ந்தாலும் அதை மட்டும் அழிக்கலாம். இரகசியம் மிகுந்த பதவிகளுக்கு ஆபீஸே தனிக் கைபேசி கொடுப்பதுதான் முறை. சொந்தக் கைபேசியை உபயோகிக்கும்படி கேட்டால் கட்டணத்தில் நியாயமான பங்கைக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியா மாகாணத்து அப்பீல் கோர்ட் 2014-லேயே இவ்விதம் தீர்ப்புச் செய்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைபேசி தொலைந்தவுடனே துணிந்து தெரிவிக்கும் ஊழியரைத் தண்டிக்கலாகாது. தண்டனைக்கு அஞ்சி இரண்டு நாள் மறைப்பவரால்தான் பெருநஷ்டம் விளைகிறது. கணினி விபத்துக்களை ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டுமென்று 2022-ல் உத்தரவு பிறந்தது. ஊழியர் வாயைத் திறக்க அஞ்சினால் ஸ்தாபனம் அந்த உத்தரவை எப்படி நிறைவேற்றும்? 2023-ல் இயற்றப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமோ, தக்க காவல் ஏற்பாடு செய்யாத ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடங் கொடுக்கிறது. அந்தத் தொகையில் எத்தனை ஊழியருக்கு நல்ல கைபேசி வாங்கலாம் என்று முதலாளிகள் கணக்குப் பார்க்கட்டும்.

சென்னை சர்க்கார் இதில் முன்மாதிரியாக நடக்க வேண்டுமென்பது நமது கோரிக்கை. எந்தெந்த வேலைகள் ஊழியரின் சொந்தக் கைபேசியில் நடைபெறுகின்றன என்று இலாகாதோறும் முதலில் கணக்கெடுத்து, அதைச் சட்டசபையின் முன் வைக்கட்டும். தொழிற்சங்கங்களும் அடுத்த சம்பளப் பேச்சின்போது கைபேசிப் படியையும், அந்தரங்கத்துக்கு எழுத்து மூலமான உத்தரவாதத்தையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும்.